மொட்டுக்கு மணி தெரியுமா?

அன்புள்ள வசந்தி,

நலம்தானே? முழங்கால் வலி எனக்கும் வந்துவிட்டது, அதை விடு. உன் மகள் கல்லூரியில் உயிரியல் ஆசிரியராகச் சேரப் போகிறாள், என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்டிருந்தாய். என் பழைய நோட்ஸை மட்டும் கொடுத்துவிடாதே.

முதல் பன்னிரண்டு வருடம் நானும் நோட்ஸ் வாசித்த ஆள்தான். ஒருநாள் பலகையில் இதயம் வரைந்து, பெருந்தமனி என்று எழுத வேண்டிய இடத்தில் பெருஞ்சிரை என்று எழுதிவிட்டேன். அறுபது பேரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பரீட்சையிலும் எழுதினார்கள்! திருத்தும்போதுதான் எனக்கே தெரிந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு மார்க்கைக் குறைப்பது?

அதிலிருந்து எந்தப் பாடத்திலும் கலைச்சொல்லைக் கடைசியில்தான் சொல்வது. போன வாரம் உயிரிக்கடிகாரப் பாடம், அதாவது உயிர்களுக்கு உள்ளேயே ஓடும் கடிகாரம். அந்த வார்த்தையையே எடுக்கவில்லை. காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கால் கிலோ மல்லி மொட்டு வாங்கிப்போய் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், எப்போது விரிகிறது என்று மணி பார்த்து எழுதி வாருங்கள், அவ்வளவுதான். ஒருவன் சட்டைப் பையில், ஒருத்தி எவர்சில்வர் டப்பாவில், விடுதிப் பிள்ளைகள் மெஸ் ஃபிரிட்ஜில்.

மறுநாள் வகுப்பு சந்தைக்கடைதான். டப்பா இருட்டுக்குள் இருந்ததும் ராத்திரி விரிந்திருக்கிறது, மொட்டுக்கு மணி எப்படித் தெரிந்தது என்று ஒரு கட்சி. ஃபிரிட்ஜில் வைத்தது விரியவே இல்லையே, சூடுதான் காரணம் என்று இன்னொரு கட்சி. கடைசி பெஞ்சில் ஒரு பெண், உசிலம்பட்டிப் பக்கம், வீட்டில் பூ வியாபாரம். வாயே திறக்காதவள், "ஐஸ் போட்டுத்தானே மேடம் வெளியூருக்கு அனுப்புவோம், இல்லாட்டி வழியிலேயே விரிஞ்சிரும்" என்றாள். அன்றைக்கு அவள்தான் வாத்தியார்.

அப்புறம்தான் நம் ஊர் வௌவால் கதை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர் 1981-இல் வெளியிட்டது. வெளிச்சம் எட்டாத குகைக்குள் வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். மற்ற வௌவால்கள் தினமும் போய்வரும் குகையில், கூண்டுக்குள் இருந்ததும் அவற்றின் நேரத்துக்கே சிறகடித்தது. தனிக் குகையில் வைத்தால் நாளுக்கு நாள் அதன் நேரம் நழுவியது. ஏன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன், "விடுதியில் நான் அலாரமே வைப்பதில்லை மேடம், பக்கத்துக் கட்டில் சத்தம் போதும்" என்றான். அதற்குமேல் நான் என்ன விளக்க?

இதனால் இரண்டு யூனிட் பின்தங்கிக் கிடக்கிறேன். கடைசி மாதம் சனிக்கிழமைகளில் ஓட்டித்தான் முடிக்க வேண்டும். இதையும் உன் மகளிடம் மறைக்காதே. முகூர்த்த நாளில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம் என்று சொல். நூறு கிராம் வாங்கவே கை நடுங்குகிறது.

அன்புடன்,
மீனா