பத்தில் ஒருவர், யாரில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வைரஸ் காய்ச்சல் பரவும்போதெல்லாம் ‘பத்தில் ஒருவருக்குத் தொற்று’ என்கிற மாதிரி தலைப்புகள் வந்துவிடுகின்றன. உள்ளே போய்ப் படித்தால், அது பரிசோதனைக்கு வந்தவர்களில் பத்தில் ஒருவர். இருபது வருடத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். எங்களிடம் வந்தவர்கள் காய்ச்சல்காரர்கள், அல்லது வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டதே என்று பயந்தவர்கள். அவர்களை வைத்து ஜனத்தொகையையே கணக்கிட முடியாது.

எச்.ஐ.வி. கணக்கு நினைவிருக்கும். இந்தியாவில் 57 லட்சம் பேருக்குத் தொற்று என்று 2006-இல் ஐ.நா. அமைப்பு மதிப்பிட்டது. மறு வருடமே அது சுமார் 25 லட்சம் ஆனது. தொற்று ஒன்றும் பாதியாகிவிடவில்லை. முதல் கணக்கு பெரும்பாலும் மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை நம்பியது; அப்புறம் தேசியக் குடும்பநல ஆய்வில் வீடு வீடாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். எண்ணிய முறைதான் மாறியது.

தவறு மறுபக்கமும் நடக்கும். 2020-இல் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் இருந்த 3,711 பேரில் 700-க்கும் மேற்பட்டவர்களுக்கு கொரோனா. சோதித்த சமயத்தில் அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருமல்கூட இல்லை. ஊரில் என்றால் இவர்கள் டெஸ்டுக்கே வந்திருக்க மாட்டார்கள்.

சரி, குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், போதுமா? 10,000 பேரில் உண்மையில் 100 பேருக்குத் தொற்று என்று வையுங்கள். தொற்றுள்ள நூறு பேரில் 90 பேரைக் கண்டுபிடிக்கும், இல்லாத நூறு பேரில் 99 பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் நல்ல பரிசோதனைக் கிட்தான் கையில் இருக்கிறது. தொற்றுள்ளவர்களில் 90 பேர் பாசிட்டிவ். தொற்றில்லாத 9,900 பேரிலும் 99 பேர் பாசிட்டிவ்! ஆக மொத்தம் 189. இரண்டு மடங்கு என்று செய்தி வந்துவிடும்.

இதைத் திருத்த ரோகன், கிளாடன் என்ற இருவர் 1978-லேயே சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதில் போட்டால் 189 மறுபடி 100 ஆகும். ஆனால் தொற்றில்லாத நூறு பேரில் கிட் சரியாகச் சொல்லும் அந்த 99, உண்மையில் 98.5 என்றால்? அதே 189-க்கு விடை 44. தொற்று அரிதாக இருக்கும்போது அரை சதவீதம் இவ்வளவு பாடுபடுத்தும். ‘1 சதவீதம்’ என்று ஒற்றை எண்ணாகப் போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

ஆகவே எண்ணோடு சேர்த்து, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் ரத்தம் தர மறுத்தார்கள், கிட் எவ்வளவு தவறும், உண்மையான எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதையும் போடுங்கள். தேடியது இன்றைய கிருமியையா, பழைய தொற்று விட்டுப்போன ஆன்டிபாடியையா என்பதும் வேண்டும். இடம் போதாது என்றால் தலைப்பின் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்