புஷ் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும்போது முறுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாச்சலூர், வடகாடு பக்கத்து மலைக் காய்களை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கொண்டுவந்து இறக்குவதற்காக, 2008 ஆம் ஆண்டு வாங்கிய பிக்கப் வண்டி ஒன்றை இன்றுவரை ஓட்டி வருகிறேன். அந்த வண்டியின் பின்பக்கக் கமான் பட்டைகளில் (பாரம் தாங்கும், வில் போல வளைந்த எஃகுத் தகடுகளில்) உள்ள ரப்பர் புஷ்களை மூன்று முறை மாற்றியதில் நான் தெரிந்துகொண்ட ஒன்றை, என்னைப் போலச் சொந்த வண்டி வைத்திருப்போருக்கும், பட்டறைக்காரர்களுக்கும், புஷ் தயாரித்து விற்போருக்கும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துவிட்டால் 'டூப்ளிகேட் சரக்கு' என்று கடைக்காரரைத் திட்டுவது நம் வழக்கம். பல நேரங்களில் குறை சரக்கில் இல்லை, போல்ட்டை இறுக்கிய விதத்தில்தான் இருக்கிறது.

பொலேரோ பிக்கப், டாடா 207 போன்ற வண்டிகளில் பின்பக்கப் பாரம் முழுவதும் இரண்டு கமான் பட்டைக் கட்டுகள் வழியாகவே ஆக்சிலுக்கு இறங்குகிறது. கட்டின் மெயின் பட்டை இரு முனைகளிலும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும்; அதைக் கண் என்பார்கள். முன் கண் சேஸிஸ் பிராக்கெட்டில் நேராகப் போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருக்கும். பின் கண், சேஸிஸிலிருந்து ஊஞ்சல் போல ஆடும் ஷேக்கிள் என்ற இணைப்பில் மாட்டப்பட்டிருக்கும், ஏனென்றால் பாரம் ஏறிப் பட்டை நிமிரும்போது இரு கண்களுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுகிறது, அதற்கு இடம் கொடுப்பது ஷேக்கிளின் வேலை. கண்ணுக்குள் இருக்கும் புஷ் என்பது நடுவில் ஓர் இரும்புக் குழலும் அதைச் சுற்றி ரப்பருமாக அமைந்தது. போல்ட் இறுகியதும் அந்தக் குழல் பிராக்கெட்டோடு சேர்ந்து அசையாமல் நின்றுவிடும்; பட்டை மேலும் கீழும் ஆடும்போது கண் திரும்புகிற சிறு கோணத்தை ரப்பர் மட்டுமே தன்னை முறுக்கிக்கொண்டு தாங்கி, மீண்டும் நேராகும். உரசல் என்பதே இல்லாததால், பெரிய லாரிகளின் கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) புஷ்ஷுக்கு வைப்பது போல இதற்குக் கிரீஸ் வைக்கத் தேவையில்லை; வைத்தால் ரப்பர் உப்பி இளகிவிடும்.

முதல் முறை புஷ் போனது எனக்குத் தெரியவே இல்லை. கிளட்சை விடும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ்தான் போயிருக்கிறது என்று நினைத்து அதை மாற்றினேன், சத்தம் நிற்கவில்லை. இறக்கத்து வளைவில் பிரேக் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே வண்டியின் பின்பக்கம் தானாக ஒதுங்குவது போல் இருந்தது. ஒருநாள் எனக்குப் பின்னால் வந்த டிராக்டர்காரர் மார்க்கெட் வாசலில் என்னை நிறுத்தி, "அண்ணே, உங்க வண்டி நண்டு மாதிரி ஒருச்சாய்ச்சு போகுது" என்றார். அன்றே டேப் வைத்து முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே இரு பக்கமும் அளந்து பார்த்தேன். இடப்பக்கம் 12 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது பட்டை முன்னும் பின்னும் தாராளமாக நகர்ந்தது. கழற்றிப் பார்த்தால் இரும்புக் குழல் நடுவில் இல்லாமல் ஓரமாகச் சரிந்து கிடக்க, ரப்பர் டீத்தூள் போல உதிர்ந்து கையில் வந்தது.

அந்த முறை வேலை பார்த்த பட்டறையில் துருப்பிடித்து இறுகிய போல்ட்டைக் கழற்றக் கேஸ் வைத்துக் கண்ணையே சிவக்கச் சிவக்கச் சூடாக்கினார்கள். ரப்பர் எரிந்து புகை மூட்டமானது, போல்ட்டும் வந்துவிட்டது. ஆனால் பட்டையின் எஃகு பதம் ஏற்றப்பட்டது. அப்படிச் சூடேறினால் பதம் போய்விடும். இரண்டு மாதத்தில் 22 மூட்டை அவரைக்காயோடு மலையிறங்கும்போது மெயின் பட்டை சரியாக அந்தக் கண்ணின் கழுத்திலேயே முறிந்தது. சில நூறு ரூபாய்ப் புஷ் வேலை, பட்டைச் செலவும் ஒருநாள் வாடகை இழப்பும் சேர்ந்து எங்கேயோ போய் நின்றது. போன சரக்கு தனி.

புதுப் பட்டையோடு போட்ட புஷ்ஷும் 7 மாதங்களில் கிழிந்தது. அப்போதுதான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வண்டிப் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் போய் நின்றேன். அவர் எதையும் கழற்றச் சொல்லவில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, பட்டையின் கண்ணிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயின்ட்டால் நேராக ஒரு கோடு இழுத்தார். பிறகு சேஸிஸில் ஜாக்கி கொடுத்து, பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும்வரை தூக்கினார். ஆக்சிலின் கனத்தில் பட்டைகள் கீழே தொங்கின. நேராக இருந்த கோடு இரண்டாகப் பிரிந்து, கண்ணில் இருந்த பாதி ஏறக்குறைய ஒரு விரல் அகலம் விலகிப் போயிருந்தது. "இந்த நிலையில வச்சுத்தானே உனக்கு போல்ட்டை டைட் பண்ணினாங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆம், அப்படித்தான் செய்தார்கள். தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்தையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்கிறது. வண்டியைக் கீழே இறக்கிய மறு நொடியே, ஒரு மூட்டைகூட ஏற்றாமலேயே, அது ஒரு விரல் அளவுக்கு முறுகி நிற்கிறது. அதன் மேல் பாரமும் பள்ளமும் தரும் முறுக்கு வேறு சேர்கிறது. பிழிந்த துணியை மேலும் பிழிந்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும்.

மூன்றாவது முறை வேலையை அவரே பக்கத்தில் நின்று செய்வித்தார். முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்து, மறுநாள் சேஸிஸை ஜாக்கியில் விடாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதை அவர் எந்தக் காலத்திலும் அனுமதித்ததில்லை), வராத ஒரு போல்ட்டைப் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே பிளேடால் அறுத்து எடுத்து, பழைய புஷ்ஷைச் சம்மட்டியால் அடிக்காமல் பெஞ்ச் வைஸில் ஒரு குழாய்த் துண்டை வைத்து அழுத்தி வெளியே தள்ளி, கண்ணின் உட்புறத் துருவை எமரித் தாளால் தேய்த்தபின், சோப்புத் தண்ணீர் தடவிப் புதிய புஷ்ஷை ஏற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றினோம். பட்டைக் கட்டை ஆக்சிலோடு பிணைக்கும், நீண்டு போன பழைய யூ போல்ட்டுகளை மறுபடி போடாமல் புதிதாகப் போட்டோம். கண் போல்ட்டுகளையும் ஷேக்கிள் போல்ட்டுகளையும் கையால் சுற்றும் அளவுக்கு மட்டும் ஏற்றிவைத்து, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகே கடைசி இறுக்கம் கொடுத்தார்கள். வழக்கமான வேலையோடு ஒப்பிட்டால் இதில் கூடுதலாகப் போனது கால் மணி நேரம். அந்தப் புஷ் நான்காவது ஆண்டாக ஓடுகிறது.

பட்டறைக்காரர்கள் இதைத் தெரியாமல் செய்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். குழியில்லாத பட்டறையில், தரையில் நிற்கும் வண்டிக்கு அடியில் நுழைந்து ஸ்பேனரை முழுதாகச் சுற்ற இடம் இருக்காது. தூக்கி நிற்கும்போதே முடித்துவிடுவது எளிது. அதனால்தான் வண்டிக்காரர் பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வண்டி உரிமையாளர்களாகிய நாம் செய்யும் தவறும் உண்டு. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று சேஸிஸ் முழுக்க டீசலும் கழிவு ஆயிலும் கலந்து அடிக்கச் சொல்கிறோம்; இரும்புக்கு நல்லதான அது ரப்பருக்கு எமன். 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டியிருப்பதால், அதற்கு முன் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுகிறோம். வெடித்த புஷ்ஷும் அதோடு சேர்ந்து புதுசாய்த் தெரிகிறது. பாரம் கூடுதலாக ஏற்ற வேண்டும் என்பதற்காக எக்ஸ்ட்ரா பட்டை சேர்ப்போர், அந்தக் கூடுதல் பாரமும் அதே பழைய புஷ் வழியாகத்தான் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். இப்போது சிலர் விற்கும் யூரித்தேன் (ஒருவகைச் செயற்கைப் பொருள்) புஷ் நீண்ட நாள் உழைக்கலாம். ஆனால் அது ரப்பரைவிடக் கடினமானது, அதிர்ச்சியைச் சேஸிஸுக்குக் கூடுதலாகக் கடத்தும் என்பதால் என் பழைய பிராக்கெட் ரிவெட்டுகளை நினைத்து நான் வாங்கவில்லை.

புஷ் தயாரிப்போரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நான் வாங்கிய மூன்று பொட்டலங்களிலும் பாகத்தின் எண், விலை, போலியைக் கண்டறியும் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தன. எப்படிப் பொருத்துவது என்று ஒரு வரிகூட இல்லை. பொட்டலத்தின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே தமிழில் இவ்வளவு அச்சிட்டால் போதும்: "எண்ணெய், கிரீஸ் தடவ வேண்டாம். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகே போல்ட்டை முழுதாக இறுக்கவும்."

இப்படிக்கு,
காய்கறி வண்டி உரிமையாளர் ஒருவர்,
ஒட்டன்சத்திரம்.