தாம்ப்சனை நீ படிக்க வேண்டும்

அன்பு மகளே,

அரசியல் ஈடுபாடு உள்ளவர் நேர்மையான வரலாறு எழுத முடியாது என்று வகுப்பில் ஒருவர் அடித்துச் சொன்னதாகவும், உனக்குப் பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் இருந்திருந்தால் இங்கிலாந்து வரலாற்றாசிரியர் இ. பி. தாம்ப்சனைச் சொல்லியிருப்பேன்.

1942-இல் மாணவராக இருந்தபோதே அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1956-இல் சோவியத் படை ஹங்கேரிக்குள் நுழைந்ததும் விலகினார். ஆனால் சோசலிசத்தைக் கைவிடவில்லை. 1948 முதல் 1965 வரை லீட்ஸ் பல்கலைக்கழகம் சார்பில் யார்க்‌ஷயர் ஊர்களில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தார். அந்தக் காலத்தில் எழுதியதுதான் 1963-இல் வந்த ‘இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம்’.

அதில் லுட்டைட்டுகள் பற்றிய பகுதியைப் பொறுமையாகப் படி. 1811, 1812-இல் இயந்திரங்களை உடைத்தவர்கள் அவர்கள். பின்னல் தறிகளை உடைத்தால் மரண தண்டனை என்று 1812-இல் சட்டமே வந்தது. முன்னேற்றம் புரியாத முரடர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை, தம் தொழிலின் தரத்தையும் கூலியையும் பழைய உரிமைகளையும் காக்க நின்ற கைவினைஞர்களாக அவர் காட்டினார். இவர்கள் உண்மையில் யார் என்ற கேள்வியைக் கேட்க வைத்தது அவருடைய அரசியல்தான்.

பதிலை மட்டும் அவர் அரசியலிலிருந்து எடுக்கவில்லை. ரகசியமாக இயங்கியவர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை. மிஞ்சிய தாள்களில் நிறைய அரசாங்க உளவாளிகள் தந்த அறிக்கைகள். காசுக்கு உளவு சொல்பவன் கூட்டிக் குறைத்துத்தானே சொல்வான்? தாம்ப்சன் அவற்றைத் தூக்கிப் போடவும் இல்லை, அப்படியே நம்பவும் இல்லை. எழுதியவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்று வரிக்கு வரி கேட்டார். சார்பே இல்லை என்று சொல்லிக்கொள்பவர்கள் எத்தனை பேர் இவ்வளவு கவனமாகப் படிக்கிறார்கள்?

குறையும் உண்டு. அந்தப் பெரிய நூலில் பெண்கள் குறைவு. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் தொழிலாளர்கள் வாக்குரிமை கேட்டு நடத்திய சார்ட்டிஸ்ட் இயக்கத்தை ஆராய்ந்த அவர் மனைவி டோரதி தாம்ப்சனையும் சேர்த்துப் படி.

1980-இல் அணு ஆயுதங்களுக்கு எதிராக ஐரோப்பா முழுக்கப் பேசப் போனார். 18-ஆம் நூற்றாண்டு மக்கள் வழக்காறுகள் பற்றிய நூல் அதனால் தள்ளிப்போய் 1991-இல்தான் வந்தது. வரலாற்றுக்கு அது இழப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நீ எடுத்திருக்கும் போலீஸ் கோப்புகளில் யார் யாருக்காக எழுதியது என்று முதலில் குறித்து வை. முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு, திருத்தாமலே அனுப்பு.

அன்புடன்,
அப்பா