மாதிரி ரயில் பாதையை விருப்பம்போல் கோக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீட்டிலேயே மாதிரி ரயில் ஓட்டி மகிழலாம் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வரவேற்கிறேன். ஆனால், தண்டவாளத் துண்டுகளை விருப்பம்போல் கோத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்த ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மட்டுமல்ல, சென்ற மாதம் செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததாலும் இதை எழுதுகிறேன்.

என் பேரனிடம் இருப்பது ஓஓ (OO) என்ற அளவில் செய்த மாதிரி ரயில் தொகுப்பு. அசல் ரயிலில் ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு, கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம், 16.5 மில்லிமீட்டர். அதன் வளைவுத் துண்டு ஒவ்வொன்றும் 22.5 டிகிரி திரும்பும். ஆகவே 16 துண்டுகள் சேர்ந்தால் 360 டிகிரி ஆகி வளையம் மூடும். அவற்றில் இரண்டு உடைந்துபோக, கடைக்காரர் “எல்லாம் ஒரே கேஜ்தான்” என்று சொல்லி வேறு தயாரிப்பின் இரண்டு துண்டுகளைக் கொடுத்தனுப்பினார். கேஜ் ஒன்றுதான், ஆனால் அவை 12 துண்டுகளிலேயே வட்டம் முடிகிற 30 டிகிரித் துண்டுகள். பழைய பதினான்குக்கு 315, புதிய இரண்டுக்கு 60, ஆகமொத்தம் 375 டிகிரி. பேரன் விடவில்லை, முழங்காலால் அழுத்திக் கடைசி மூட்டையும் கோத்துவிட்டான். மற்ற மூட்டுகள் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததால் பார்வைக்கு வளையம் கூடியும் விட்டது. எஞ்சின் மட்டும் ஜன்னலோரத்தில் அதே மூட்டில் ஒவ்வொரு சுற்றிலும் தடம் இறங்கியது. தண்டவாளத்தின் உட்புறமாக விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். அந்த மூட்டில் நகம் தட்டியது, இணைப்புத் தகடு ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது.

டிகிரிக் கணக்கு சரியானால் மட்டும் போதாது. எதிரெதிர்ப் பக்கங்களின் நேர் நீளமும் சமமாக இருக்க வேண்டும். மாதிரித் தண்டவாளம் தயாரிக்கும் பெக்கோ நிறுவனத்தின் துண்டுகளில் வழக்கமான நேர்த் துண்டு 168 மி.மீ., குட்டைத் துண்டு 79 மி.மீ. ஒரு பக்கம் ஒரு நேர்த் துண்டும் எதிர்ப்பக்கம் இரண்டு குட்டைத் துண்டுகளும் வைத்தால் 10 மி.மீ. உதைக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் பல மூட்டுகளில் பரவிக் கரைந்துவிடும், பத்து கரையாது.

இந்த 168 என்ற எண் சும்மா வந்ததல்ல. ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயிண்ட்டில், பிரியும் பாதை 438 மி.மீ. ஆரத்தில் 22.5 டிகிரி வளைகிறது. அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் 438-ஐப் பெருக்கினால் ஏறக்குறைய 168 கிடைக்கும். பாயிண்ட்டை அடுத்து அதே ஆரமுள்ள வளைவுத் துண்டு ஒன்றை எதிர்ப்புறமாகத் திருப்பிப் போட்டால், பிரிந்த பாதையான லூப் லைன் 67 மி.மீ. தள்ளி, நேராகச் செல்லும் மெயின் லைனுக்கு இணையாக நின்றுவிடும்; அதற்குள் மெயின் லைனில் சரியாக இரண்டு நேர்த் துண்டுகளின் தூரம் கடந்திருக்கும். வளைவுகளின் ஆரங்களும் 371, 438, 505 என்று அதே 67 மி.மீ. இடைவெளியில் ஏறுகின்றன. இதை வகுத்தவர் யாராயினும், நான் அவரிடம் வேலை பார்த்திருக்கத் தயார்.

இடத்தையும் முன்கூட்டியே அளக்க வேண்டும். மூன்றடி அகலப் பலகை 914 மி.மீ.; அதில் 438 ஆர வளையம் 876 மி.மீ. எடுத்துக்கொண்டால் பாதையின் மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே 19 மி.மீ. தான் மிஞ்சும், தடம் இறங்கும் எஞ்சின் நேரே தரைக்குப் போகும். 371 ஆரத்தைக் கொண்டால் பக்கத்துக்கு 86 மி.மீ. கிடைக்கும். பலகையையே அரையடி பெரிதாக்கலாமே என்பீர்கள். மும்பை வீடுகளில் அந்த அரையடிதான் அலமாரிக் கதவு திறக்கிற இடம். (நம் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவே 175 மீட்டர் ஆரமுடையது, 438 மி.மீ. வளைவை அசல் அளவுக்குப் பெருக்கினால் 33 மீட்டர்தான் வரும். நீளமான பெட்டிகள் வளைவில் முனகுவதில் வியப்பில்லை.)

ஆகையால் கடைக்குப் போகுமுன், துண்டுகளை அசல் அளவில் காகிதத்தில் வெட்டித் தரையில் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தங்கள் நாளிதழின் பழைய பிரதிகளே போதுமானவையாக இருந்தன. பாதை சுற்றிவந்து தன்னுடனேயே எதிர்த்திசையில் சேரும்படி வரைந்துவிட்டால் மின்சாரத்தின் ஒரு முனையான இடத் தண்டவாளம் மறுமுனையான வலத் தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும் என்பதும் காகிதத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த இணைப்பில் அந்த வரியைத் திருத்தி, இந்தக் கணக்கையும் இரண்டு பத்திகளில் வெளியிட வேண்டுகிறேன்.

எங்கள் வளையம் சரியான துண்டுகளைப் போட்ட பின் ஒழுங்காக ஓடுகிறது. அந்த 30 டிகிரித் துண்டுகளைக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். இன்னும் பத்து வாங்கினால் தனியாக ஒரு வட்டம் வரும் என்கிறான் பேரன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
செம்பூர், மும்பை