தையல் கடை அண்ணனுக்கும், தேடி அலைந்த எல்லோருக்கும் நன்றி

அம்மா உள்ளே தூங்குகிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை, நினைவு தப்பிப்போன அம்மா வீட்டைவிட்டுக் கிளம்பிக் காணாமல் போனதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் என்னோடு தெருத்தெருவாக நடந்தவர்கள்.

புகைப்படத்தைப் பகிர்ந்தவர்கள், லீவு போட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய அலுவலக நண்பர்கள், ஸ்டாண்டையே காலி செய்துவிட்டுத் தேடப் போன ஆட்டோக்காரர்கள், என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம் விவரம் கேட்ட பெண் காவலர், இரவு முழுக்கக் கூட இருந்த பக்கத்து வீட்டு அக்கா. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன். இப்போதைக்கு மொத்தமாக ஒரு கும்பிடு.

ஆனால் அந்தத் தையல் கடை அண்ணனைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

கடைப் படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அவர் பெயர் கேட்டிருக்கிறார். "ராதா" என்றிருக்கிறார் அம்மா. அம்மாவின் பெயர் அதுவல்ல. யார் வீடு என்று கேட்டதற்கு, "ராஜு அண்ணன் வீடு." அண்ணன் என்ன பண்றார்? "நாங்க பொம்மை செஞ்சு வித்துத்தான் பெரிய ஆளா ஆனோம்." வேறு யாராக இருந்தாலும் பாவம், புத்தி பேதலித்த கிழவி என்று நகர்ந்திருப்பார்கள். இவர் மெஷினை நிறுத்திவிட்டு, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு ஆனந்தனா?" என்று கேட்டாராம். அம்மா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம்.

பாசமலர். அந்தப் படத்தில் தங்கை ராதா சாவித்திரி, அண்ணன் ராஜு சிவாஜி, ராதாவின் கணவர் ஆனந்தன் ஜெமினி. படம் 1961-இல் வந்தபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி, தங்கச்சிக்குத் தலை மறைக்காமல் உட்காரவைத்துப் படம் காட்டியது எங்கள் மாமா. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. வியாழக்கிழமை அம்மா யாரைத் தேடிக் கிளம்பினார் என்பது அந்தக் கடையில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

அம்மா எழுந்து எழுந்து போகப் பார்த்ததால், அண்ணன் தன் போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்துவைத்துப் படத்தைப் போட்டுவிட்டிருக்கிறார். பக்கத்து டீக்கடைக்காரர் எங்கள் செய்தியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யும்வரை, நான் ஓடிப்போய்ச் சேரும்வரை, அந்தப் படம்தான் அம்மாவைப் பிடித்துவைத்திருந்தது. மெஷின் சத்தத்தில் வசனம் கேட்காது என்று அவர் தைக்கவே இல்லை. துணி வாங்க வந்தவர்களையும் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். நடுநடுவே பேச்சும் கொடுத்திருக்கிறார். "இதையே மறு வருசம் தெலுங்குல எடுத்தாங்கம்மா. அங்கயும் தங்கச்சி நம்ம சாவித்திரிதான். அண்ணன் மட்டும் என்.டி.ராமராவ்." அம்மா, "சிவாஜி மாதிரி வருமா?" என்றாராம்.

நான் போய் நின்றபோது அம்மா மடியில் வெட்டுத்துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிவைத்திருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பட்டாசு வெடித்து சிவாஜிக்குக் கண் பறிபோன கட்டம். தங்கையைக் கட்டிக்கொடுக்கும்போது என் கண்ணையே உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்று ஜெமினியிடம் சொன்ன அதே அண்ணன். ஆரூர்தாஸ் அந்த வசனத்தை அங்கே எழுதிவைத்தது இதற்காகத்தான் என்று இத்தனை வருடம் கழித்து, அந்தக் கடை வாசலில் நின்றுகொண்டு உணர்ந்தேன். அழுகை அடங்கவில்லை.

அழுமூஞ்சிப் படம் என்று நானே சொல்லியிருக்கிறேன், கல்லூரி நாட்களில். இனி சொல்லமாட்டேன். அண்ணன் ஒரு வீட்டிலும் தங்கை ஒரு வீட்டிலும் தத்தம் பிள்ளையைத் தூங்கவைக்கும்போது, டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் மாறி மாறிப் பாடும் 'மலர்ந்தும் மலராத' பாட்டை நேற்று இரவு மறுபடி கேட்டேன். பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் திட்டவில்லை. பிள்ளையிடம் மற்றவரின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே இயக்குநர் பீம்சிங்கைக் கையெடுத்துக் கும்பிடலாம். வீட்டு முகவரி, என் பெயர், மாமா இறந்தது எல்லாம் போன பிறகும் அம்மாவிடம் இது இருக்கிறது.

கிளம்பும்போது அண்ணன் ஐந்து நிமிடம் இருக்கச் சொன்னார். ஒரு வெள்ளைத்துணித் துண்டில் என் போன் நம்பரை நீல நூலால் மெஷினில் ஓட்டி, அம்மாவின் கைப்பையின் உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் கோணல். பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

"கடைசி அரைமணி நேரம் பாக்கி இருக்கு. ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் அண்ணே. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.