மலையிலும் உங்களுக்கு ஓர் ஊருணி உண்டு

ஆனைமலைப் பக்கம் காப்பி, ஏலம், தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் செட்டிநாட்டுக் குடும்பத்தாருக்கு,

பெரியோர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஜூலையில், தெரிந்த குடும்பம் ஒன்றின் காப்பித் தோட்டத்தில் இரண்டு நாள் தங்கினேன். பங்களாவுக்குப் பின்னால், சோலை ஓரத்தில், மழைநீர் தேங்கும் குட்டை ஒன்று இருந்தது. அதன்மேல் வளைந்து தொங்கிய கிளையில், இலைகளுக்கு நடுவே சோப்பு நுரை போல ஒரு வெள்ளை உருண்டை. "தவளைக் கூடு சார்" என்றார் மேஸ்திரி. இந்த ஆண்டு போனபோது குட்டை இல்லை. விருந்தினர் கார் நிறுத்துவதற்காகக் கிராவல் கொட்டி நிரவியிருந்தார்கள், கிளையும் வெட்டப்பட்டிருந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. கொசு வளரும் பள்ளம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

அந்த மலையில் நுரைக்கூடு கட்டும் தவளைகளில் ஒன்று ஆனைமலைப் பறக்கும் தவளை. கார்த்திகேயன் வாசுதேவனும் சுஷில் குமார் தத்தாவும் 2000-ஆம் ஆண்டில்தான் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஆனைமலையையும் அதையொட்டிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் அது இல்லை. மிக அருகிவிட்ட இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைப் பட்டியலிட்டது. இலைப்பச்சை உடல், விரல்களுக்கிடையே ஆரஞ்சு நிறச் சவ்வு. அதை விரித்து மரத்திலிருந்து காற்றில் சறுக்கி இறங்கும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், நீருக்கு மேலுள்ள இலைகளைத் தேடி அது வருகிறது. பெண் தவளை தான் சுரக்கும் திரவத்தைப் பின்னங்கால்களால் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. வெளிநுரை காய்ந்தாலும் உள்ளே ஈரம் தங்கும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் நழுவிக் கீழே விழும். விழும் இடத்தில் நீர் இருந்தால் பிழைக்கும். கிராவல் இருந்தால் அங்கேயே காய்ந்து சாகும். கிளையும் வேண்டும், அதற்கு நேர் கீழே குட்டையும் வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? வற்றாத ஆறில்லாத சீமை நம்முடையது. உங்கள் பாட்டனார்கள் ஊருணி வெட்டிக் கல் கட்டினார்கள். அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். குடிநீர் ஊருணியில் கால் கழுவக்கூட விடவில்லை. தோட்டத்து ஓரக் குட்டையும் ஓர் ஊருணிதான். அதை நம்பியிருக்கிறவர்களுக்குப் பேச வாயில்லை, அவ்வளவே. நம் வீட்டு வளவில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்துகிறது. எங்கோ ஒரு காடு நமக்காக விழுந்தது. கையிலிருக்கும் காட்டையாவது நாம் காக்க வேண்டாமா?

வால்பாறை மேட்டுநிலத்தில் தோட்டங்களுக்கு நடுவே ஏறக்குறைய 40 சோலைத்துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, சிதைந்த துண்டுகளில் நாட்டு மரக்கன்றுகளை நட்டு மீட்கும் தோட்டங்களும் அங்கே உண்டு. ஆகாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. குட்டைகளை நிரவாதீர்கள். அவற்றின்மேல் கவியும் கிளைகளைக் கவாத்தின்போது விட்டுவையுங்கள். தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது, தோல் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. ஆகவே குட்டைக்கு அருகில் களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். அழகுக்கென்றோ கொசுவுக்கென்றோ மீன் விடாதீர்கள், தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். நிழலுக்கு சில்வர் ஓக்கையே நட்டுக்கொண்டு போகாமல், சோலையின் சொந்த மரங்களுக்கும் இடம் கொடுங்கள்.

நிரவப்பட்ட அந்தக் குட்டையைப் பற்றி உரிமையாளரிடம் நேரில் பேசினேன். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வருகிற மே மாதம், மழைக்கு முன், கிராவலை அள்ள ஆள் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன். உங்கள் தோட்டத்தில் எத்தனை குட்டைகள் இருக்கின்றன என்று அதற்குள் மேலாளரிடம் கேட்டுவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், காரைக்குடி