மானிட்டர் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். உன் நலனையும் மாப்பிள்ளையின் நலனையும் அறிய ஆவல்.

நேற்று மாலை அத்தை வீட்டுக்கு வந்திருந்தார். நீ படம் எடுத்துத் திருத்திக் கொடுத்த சுங்குடிச் சேலைகளில் இரண்டு திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லி, பார்சலைப் பிரித்து என் முன்னால் வைத்தார். சேலையில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய இருவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: படத்தில் பார்த்த நிறம் வேறு, கையில் வந்த நிறம் வேறு. அத்தைக்கு உன் மேல் துளியும் வருத்தமில்லை. ஆனால், 18,000 ரூபாய் ஒதுக்கிப் புது மானிட்டர் வாங்கப் போவதாகவும், 32 அங்குல வளைந்த திரை ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் நீ போனில் சொன்னது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால், நீ பணம் கட்டுவதற்கு முன்பே இதை எழுதி அனுப்புகிறேன்.

அத்தை போன பிறகு, நீ அனுப்பிய ஃபைலை நம் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் திறந்து, திரும்பி வந்த சேலையை ஜன்னலோரம் விரித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். துணியில் இருப்பது அரக்கு. குங்குமத்தில் ஒரு சிட்டிகை காப்பிப் பொடி கலந்தாற்போல் அடங்கிய சிவப்பு. உன் படத்தில் இருந்ததோ கண்ணைக் குத்தும் செக்கச்சிவப்பு. முடிச்சை அவிழ்த்த இடத்தில் புள்ளியைச் சுற்றிச் சாயம் லேசாகக் கசிந்து நிற்குமே, கையால் கட்டிய சுங்குடி என்று காட்டிக்கொடுக்கும் அந்த மெல்லிய விளிம்பு, அது உன் படத்தில் இல்லவே இல்லை. சிவப்பு ஏறுவதற்கு இடமில்லாமல் உச்சத்தில் முட்டி நின்றதால், அந்த நுணுக்கம் முழுவதும் அழிந்துவிட்டது.

நீ அக்கறையில்லாமல் செய்தாய் என்று நான் நினைக்கவில்லை. உன் லேப்டாப் திரைதான் உன்னை அப்படிச் செய்ய வைத்தது. விலை குறைந்த லேப்டாப்புகள் பலவற்றில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று குறிப்பிடப்படும் பேனல்தான், அதாவது படம் காட்டும் பலகைதான், இருக்கும். என்டிஎஸ்சி என்பது திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்று அளக்கும் பழைய டிவி அளவுகோல். இணையத்துக்கும் பிரிண்ட் போடும் லேபுக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட எஸ்ஆர்ஜிபி என்னும் நிறப்பரப்பு, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லை, அதே அளவுகோலில் ஏறத்தாழ 72 சதவீதம். அப்படியானால், படத்துக்குள் இருக்கக்கூடிய நிறங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உன் திரைக்கு எட்டவே எட்டாது. அத்தகைய திரையில் சிவப்பு வெளிறி ஆரஞ்சுப் பக்கம் சாயும். நீ துணியைப் பார்த்து, திரையைப் பார்த்து, ‘இன்னும் வரவில்லையே’ என்று சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் செறிவை, ஏற்றிக்கொண்டே போயிருப்பாய். உன் திரையில் சரியாக அமைந்த அந்தப் படம், நிறத்தைத் தூக்கிக் காட்டும் இன்றைய போன்களில் தீயாக எரிந்திருக்கும்.

இந்தப் பாடத்தை நான் பணம் கொடுத்துக் கற்றவள். நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது, பழைய குண்டு மானிட்டரை எடுத்துவிட்டு, மலிவாகக் கிடைத்தது என்று ஓர் ஒல்லித் திரையை வாங்கினோம். அதன் வெளிச்சம் கண் கூசும். வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும். அதில் உட்கார்ந்து திருமங்கலத்துக் கல்யாணம் ஒன்றின் ஆல்பத்தை முடித்தேன். திரையில் எல்லாம் அதிக வெளிச்சமாகவும் நீலமாகவும் தெரிந்ததால், ஒவ்வொரு படத்திலும் இருட்டைக் கூட்டி, மஞ்சளையும் கூட்டினேன். லேபிலிருந்து வந்த பிரிண்டில் மணப்பெண்ணின் முகம் காமாலை கண்டது போலவும், பின்னலில் சுற்றியிருந்த மல்லிகை நேற்றைய பூவைப் போலவும் இருந்தன. பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. ஆல்பத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, “என் மகள் இப்படியாம்மா இருக்கிறாள்?” என்று மட்டும் கேட்டார். 40 தாள்களையும் எங்கள் செலவில் மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆகவே, நீ போட்டோவுக்காக வாங்கும் திரையில் முதலில் பார்க்க வேண்டியது அகலமோ பளபளப்போ அல்ல, அதன் பேனல். நான் அன்று வாங்கியது டிஎன் வகை. நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு நிறமும், சற்றுச் சாய்ந்தால் வேறொரு நிறமும் காட்டும். அதைத் தொடவே தொடாதே. நீ பார்த்து வைத்திருக்கும் வளைந்த திரைகள் பெரும்பாலும் விஏ வகை. கறுப்பை ஆழமாகக் காட்டுவதில் அதை அடித்துக்கொள்ள முடியாது. ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைத் திரையின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1000க்கு 1 என்றால், விஏ 3000க்கு 1 வரை போகும். சினிமா பார்க்க அது நன்று. ஆனால் பக்கவாட்டில் தலையை நகர்த்தினால் நிழல் பகுதிகளின் அடர்த்தி மாறும். மாநிறத்து முகத்தின் நிழலைத் திருத்தும்போது எது உண்மை என்று உனக்கே சந்தேகம் வந்துவிடும். வளைவும் நம் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் சேலைக் கரை நேராக ஓடுகிறதா என்று வளைந்த கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஐபிஎஸ் பேனலையே வாங்கு. இருட்டறையில் அதன் மூலைகளில் லேசான வெளுப்புத் தெரியும். அது அந்த வகையின் இயல்பு.

அடுத்தது நிறப்பரப்பு. எஸ்ஆர்ஜிபி என்பது ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்து, 1999இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறப்பரப்பு அதைவிட விரிந்தது, குறிப்பாகப் பச்சையிலும் பச்சைநீலத்திலும். அதை 99 சதவீதம் காட்டும் திரைகளும் உண்டு என்றாலும், அவற்றின் விலை உன் கைக்கு எட்டாது. எட்டினாலும் இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. அத்தையின் சேலையை வாங்குபவர் போனில் பார்க்கிறார். நம் லேப் எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கேட்கிறது. நீ விரிந்த பரப்பில் திருத்தி, மாற்ற மறந்து அனுப்பிவிட்டால், அங்கே நிறமெல்லாம் சாம்பல் பூத்து வரும். எஸ்ஆர்ஜிபியை முழுதாக, 99 அல்லது 100 சதவீதம், ஒழுங்காகக் காட்டும் திரை உனக்குப் போதும். மயில்கழுத்துப் போன்ற ஆழ்ந்த சாயங்களில் சில அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் என்பதையும் தெரிந்துகொள். அத்தகைய சேலைக்கு, நேரில் நிறம் இன்னும் ஆழமாக இருக்கும் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதச் சொல்லி அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

அட்டைப்பெட்டியில் ‘டெல்டா இ 2க்குக் கீழ்’ என்று போட்டிருந்தால் நல்லது. காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டும் நிறத்துக்கும் உள்ள இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர். 2க்குக் கீழே இருந்தால் பழகிய கண்ணுக்கும் அநேகமாகத் தெரியாது. சில மாடல்களுடன் தொழிற்சாலையில் அளந்த தாளும் வரும். 8 பிட் என்று இருக்கிறதா என்றும் பார். 8 பிட் திரை ஒவ்வொரு அடிப்படை நிறத்தையும் 256 படிகளாகக் காட்டும். 6 பிட் திரைக்கு 64 படிகள்தான், மீதியைப் புள்ளிகளை வேகமாக மாற்றிக் காட்டிச் சமாளிக்கும்.

அளவைப் பொறுத்தவரை, உன் மேசைக்கு 24 அங்குலமே சரி. 27 அங்குலத்தில் 1920க்கு 1080 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிகள்தான் வரும். நெசவின் இழை கரடுமுரடாகத் தெரிவதால், ஷார்ப்னஸ் எவ்வளவு வைப்பது என்பதில் கண் தடுமாறும். 27தான் வேண்டுமென்றால் 2560க்கு 1440 உள்ளதாகப் பார்க்க வேண்டும், விலையும் ஏறும். 24 அங்குலத்தில் 1920க்கு 1200 கிடைத்தால் விடாதே; உயரத்தில் கூடும் அந்த 120 வரிகளில் ஃபோட்டோஷாப்பின் பட்டைகளை வைத்துக்கொண்டு, படத்துக்கு முழு இடம் விடலாம். ஆசுஸ் புரோஆர்ட் வரிசையில் பிஏ248கியூவி என்ற மாடல் நான் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துகிறது: 24.1 அங்குலம், ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம், டெல்டா இ 2க்குக் கீழ். நின்றவாக்கில் திருப்பவும் முடியும் என்பதால், முந்தானை முழுவதையும் நெடுக்காகப் பார்க்கலாம். டெல் அல்ட்ராஷார்ப், பென்க்யூவின் பிடி வரிசை ஆகியவற்றையும் விலை கேட்டுப் பார். நீ வைத்திருக்கும் தொகைக்கு மேலே இரண்டாயிரம் மூவாயிரம் ஆனால் தயங்காமல் சொல்; அதை நான் போடுகிறேன்.

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று சொல்லும் 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் கேம் விளையாடுகிறவர்களுக்கு. லட்சத்துக்கு 1, கோடிக்கு 1 என்று எழுதியிருக்கும் டைனமிக் கான்ட்ராஸ்ட் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடு. படத்துக்குப் படம் வெளிச்சத்தைத் தானாக மாற்றும் திரையில் எதையும் திருத்த முடியாது. கம்ப்யூட்டரில் திரையை மஞ்சளாக்கும் இரவு வெளிச்சம் என்ற வசதி இயங்கினால் அதையும் நிறுத்து.

நல்ல திரையை வாங்கிவிட்டாலும், பெட்டியிலிருந்து எடுத்தபடியே நம்பிவிடக் கூடாது. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக வெளிச்சத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். நிட்ஸ் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு. 250 நிட்ஸ் வெளிச்சத்தில் திருத்திய படம் பிரிண்டில் இருண்டுதான் வரும். 100, 120 நிட்ஸ் அளவுக்கு இறக்க வேண்டும். இதைக் கண்ணால் செய்ய முயலாதே. கண் அரை மணி நேரத்தில் எந்த வெளிச்சத்துக்கும் எந்தச் சாயலுக்கும் பழகிவிடும். அதனால்தான் ஸ்டுடியோவில் இருக்கும் காலிபரேட்டரை, அதாவது திரையின் நிறத்தை அளக்கும் கருவியை, உனக்கு அனுப்பி வைக்கிறேன். திரையை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு, அதைத் திரை மீது தொங்கவிட்டு, வெள்ளை 6500 கெல்வின், காமா (நடுத்தர வெளிச்சம் எவ்வளவு தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 2.2, வெளிச்சம் 110 நிட்ஸ் என்று வைத்து இயக்கு. அது ஒவ்வொரு நிறமாகக் காட்டி அளந்து, உன் திரைக்கென்று ஒரு புரொஃபைல், அதாவது நிறத்தைச் சரிசெய்யும் ஃபைல், எழுதிக் கொடுக்கும். அந்த ஃபைல் உன் திரைக்கு மட்டும்தான் பொருந்தும். அதே மாடலுக்கு வேறொருவர் எடுத்ததை இணையத்திலிருந்து இறக்கிப் போடாதே. ஒரே மாடலில் இரண்டு திரைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. முடித்ததும் கருவியை எனக்குத் திருப்பி அனுப்பு. மாதம் ஒரு முறை இங்கேயும் அது தேவைப்படுகிறது.

நீ உட்காரும் அறையின் சுவர் இளம்பச்சை என்பது எனக்கு நினைவிருக்கிறது. திரைக்குப் பின்னால் தெரியும் பகுதியை மட்டுமாவது வெள்ளையோ சாம்பலோ அடித்துவிடுங்கள். ஜன்னலுக்கு எதிரே திரையை வைக்காதே.

வாங்கப் போகும்போது ஒரு பென் டிரைவ் எடுத்துப் போ. அதில் போட வேண்டிய மூன்று படங்களை உனக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். முதலாவது, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை. இரு முனைகளிலும் கடைசிப் படிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நடுவில் எந்த இடத்திலும் பச்சையோ சிவப்போ எட்டிப் பார்க்கக் கூடாது. கறுப்பு வெளுத்துத் தெரிந்தால், ஹெச்டிஎம்ஐ அமைப்பில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை முழுதும் காட்டும் ஃபுல் ரேஞ்ச் போட்டிருக்கிறார்களா என்று கேள். இரண்டாவது, வாழையிலையில் வைத்த குண்டுமல்லி. மொட்டின் காம்புப் பக்கத்துப் பச்சை மெல்ல மெல்ல வெள்ளையில் கரைவது தெரிகிறதா, அல்லது மொத்தமும் சுண்ணாம்பாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். மூன்றாவது உன் அப்பா எடுத்தது, சித்திரா பௌர்ணமியன்று அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும் படம். அழகர் உடுத்தி வரும் பட்டின் நிறத்தை வைத்தே வருகிற காலம் எப்படியிருக்கும் என்று சொல்கிற ஊரில் பிறந்தவள் நீ. அது பச்சைப் பட்டு, செழிப்புக்கு உரியது. அந்தப் பச்சை நீலமாகத் தெரிந்தால், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அந்தத் திரையை விட்டு விலகி வந்துவிடு. உட்கார்ந்து, எழுந்து, இரு பக்கமும் நகர்ந்து பார்க்கக் கூச்சப்படாதே. சேலைக் கடையில் வாசல் வெளிச்சத்துக்குத் துணியை எடுத்துப் போய்ப் பார்ப்பதில்லையா, அது போலத்தான்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள். முழுத் திரையிலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிரப்பி, இறந்த புள்ளி இருக்கிறதா என்று அன்றே பார். நடுச்சாம்பலை நிரப்பி மூலைகளையும் பார்த்துவிடு. ஒரு மூலை மங்கியிருந்தால், வெள்ளைப் பின்னணியில் எடுத்த சேலைப் படமெல்லாம் அந்தப் பக்கம் அழுக்காகத் தெரியும், நீ தேவையில்லாமல் அதைத் துடைத்துக்கொண்டிருப்பாய். அப்படி இருந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்.

அத்தை மூன்று துண்டுத் துணிகளைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார்: அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள். வெள்ளிக்கிழமை இரவு பேருந்தில் ஓசூர் வரும் உன் சித்தப்பாவிடம் காலிபரேட்டருடன் அவற்றையும் கொடுத்து அனுப்புகிறேன். திரையை அளந்து முடித்த மறுநாள் காலை பத்து மணி வெளிச்சத்தில், துணிகளை ஜன்னலோரம் வைத்து, நீயே அவற்றைப் படம் எடுத்துத் திறந்து, இரண்டையும் சேர்த்துப் பார். அரக்கு எப்படி வந்திருக்கிறது என்று முதலில் எனக்குச் சொல். திரும்பி வந்த இரண்டு சேலைகளின் படங்களையும் அதன் பிறகு புதிதாகத் திருத்தி அத்தைக்கு அனுப்பலாம்.

அன்புடன்,
அம்மா
மதுரை